பொத்தான் பச்சையாகும்வரை

புதுக்கடைச் சந்திப்பில், மருந்துக் கடைக்கு மேலே உள்ள மாடியில், தென்கோடிக் குடும்ப நல ஆணையத்தின் இணையச் சேவைக் கூடம் திறக்கப்பட்டது 2013ஆம் ஆண்டில். திறந்து வைத்தவர் ஆணையத்தின் மாவட்ட அலுவலர் சிவதாணு. நல்ல மனிதர். யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். அன்று அவர் பேசியதைக் கேட்டவர்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள்.

"முன்னெல்லாம் ஒரு விண்ணப்பம் நகரணும்னா யாரையாவது கவனிக்கணும். இனி அந்தக் கவலை கிடையாது. இனி யாரைக் கவனிச்சாலும் நகராது. எல்லாக் கட்டமும் சரியா நிரம்பினாத்தான் அடியில இருக்கிற சமர்ப்பிக்கும் பொத்தான் பச்சையாகும். அதுவரைக்கும் சாம்பல் நிறத்துல இருக்கும். சாம்பலா இருக்கும்போது நானே வந்து அமுக்கினாலும் அமுங்காது. மனுஷனுக்குத்தான் இரக்கம், கோபம், சொந்தபந்தம் எல்லாம் உண்டு. பொத்தானுக்கு அதெல்லாம் கிடையாது."

எல்லோரும் கைதட்டினார்கள். இரக்கம் இல்லாத ஒன்று ஊருக்கு வந்திருப்பதற்காகக் கைதட்டுகிறோம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பிறகு எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் குருசடித்துறை கிளாராவும் இருந்தாள். அவள் கடற்கரையில் மீன் எடுத்து, உள்ளூர் வீடுகளில் கொண்டுபோய் விற்பவள். கணவன் சிலுவை கத்தாரில் ஒரு அரபியின் தோணியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு வருட ஒப்பந்தம். ஒரே மகள் அஜிஷாவுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்பது குறைவு. காதருகே உரக்கச் சொன்னால் பாதி கேட்கும். மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அதனால் அவளிடம் எல்லோரும் தேவையானதை மட்டும் சொன்னார்கள். சாப்பிடு, குளி, மழை வருகிறது, உள்ளே வா. கதை சொல்ல யாருக்கும் தொண்டை போதவில்லை.

பள்ளித் தலைமையாசிரியை செல்லபாய் கிளாராவை அழைத்துச் சொல்லியிருந்தார்:

"ஜூன்ல அஞ்சாம் கிளாஸ் போவணும். காதுக்கு மெஷின் இல்லாம இனி இஞ்ச வச்சுப் படிப்பிக்க ஒக்காது கிளாரா. மதுரைப் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளையளுக்கு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் உண்டு. அங்க விட்டுரு."

"ராத்திரி அவ எனக்க கையப் பிடிச்சாத்தான் டீச்சர் உறங்குவா."

"அதுக்குத்தான் சொல்லுகேன். மெஷின் வாங்கு."

அந்தக் கருவியை ஆணையம் இலவசமாகக் கொடுத்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பர் முதல் வாரத்திலேயே கிளாரா மகளைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

கணினி முன்னால் இருந்தவள் பிரீனா. ஒப்பந்த வேலைக்காரி, இருபத்திரண்டு வயது. படபடவென்று கட்டங்களை நிரப்பிக்கொண்டு போனாள்.

"அக்கா, பாப்பாக்கு எப்பம் இருந்து கேக்காது?"

"பெறந்ததுல இருந்தே."

பிரீனா பிறந்த தேதியையே அந்தக் கட்டத்திலும் போட்டாள். சிவப்பு எழுத்தில் ஒரு வரி எழுந்தது: 'குறைபாடு தொடங்கிய நாள், பிறந்த நாளுக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.'

"மறுநாள்னு போடுகேன்."

சிவப்பு மறைந்தது. இப்படியாக அஜிஷா தன் வாழ்வில் ஒருநாள் முழுவதும் நன்றாகக் காது கேட்டவள் ஆனாள். கிளாராவுக்கு அந்த நாளை நினைத்துப் பார்க்கத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் மழை. சிலுவை வாசலில் நின்று நர்ஸம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். பிள்ளை அதைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

"விண்ணப்பம் உங்க பேர்லதான் அக்கா. உங்க அப்பாக்க பேரு?"

"சிலுவை."

"மாப்பிளைக்க பேரு?"

"சிலுவை."

பிரீனா தட்டச்சு செய்தாள். சிவப்பு எழுந்தது: 'தந்தை பெயரும் கணவர் பெயரும் ஒன்றாக இருக்கக்கூடாது.' அடியில் இருந்த பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

குருசடித்துறையில் இருப்பது திருச்சிலுவைக் கோயில். பல தலைமுறைக்கு முன்பு காற்றில் அகப்பட்ட ஒரு வள்ளத்தில் இருந்தவர்கள், உயிரோடு கரை சேர்ந்தால் வீட்டின் தலைமகனுக்குச் சிலுவை என்று பெயர் இடுவோம் என்று நேர்ந்துகொண்டார்கள். கரை சேர்ந்தார்கள். அவர்கள் மட்டும் நேர்ந்ததை ஊர் முழுக்க நிறைவேற்றியது. இன்று ஊரில் நூற்று நாற்பது சிலுவைகள் உண்டு. வட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். கிளாராவின் அப்பா ரேடியோ சிலுவை. கரையில் முதலில் ரேடியோ வாங்கியவர். கணவன் சோடா சிலுவை. மூன்று மாதம் சோடாக் கடை நடத்தியவன். ஊரில் ஒரு பெண் தலைமகனைக் கட்டினால், கட்டியவன் சிலுவையாகத்தான் இருப்பான். அவளும் ஒரு தலைமகனுக்குப் பிறந்தவளாக இருந்தால் அப்பாவும் சிலுவைதான். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை. இரவில் வீடு மாறிப் போனவர்கள் யாரும் கிடையாது.

"இனிஷியல் போட்டா என்ன பிள்ளே? அப்பா ம. சிலுவை. இவரு அ. சிலுவை."

"இதுல புள்ளி ஏத்துக்காது அக்கா. முன்னெழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டு. அது அடுத்த பக்கத்துல வரும்."

"அடுத்த பக்கத்துக்குப் போயேன்."

"போவணும்னா இந்தப் பொத்தான அமுக்கணும்."

இருவரும் பொத்தானைப் பார்த்தார்கள்.

சேவைக் கூடத்தின் கண்காணிப்பாளர் சுந்தரராஜ் எழுந்து வந்தார். திரையைக் குனிந்து படித்தார். கிளாராவை அவர் பார்க்கவில்லை. அந்தக் கூடத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, எல்லோரும் திரையைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அஜிஷாவுக்கு இது பெரிய சங்கடமாக இருந்தது. ஒரு உதடும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு எப்பிடிம்மா வரும்?" என்றார் சுந்தரராஜ்.

"எங்க ஊர்ல வரும் சார்."

"வடக்க ஏதோ ஒரு மாவட்டத்துல ஒரு அம்மா, கைதவறி ரெண்டு கட்டத்துலயும் மாப்பிளை பேரைப் போட்டுட்டாங்க. அதுக்குப் பெறவுதான் இந்த விதி வந்தது."

"ஒருத்தி கைதவறினதுக்கு எல்லாரும் என்ன செய்யணும் சார்?"

"ஒருத்தி செய்யித தப்ப எல்லாரும் செய்ய முடியாம ஆக்குறதுக்குப் பேருதாம்மா நிர்வாகம்." அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். "உங்க ஊர்லயும் பேரு வைக்கும்போது கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

"அது எனக்க பாட்டாக்கும் பாட்டாக்கும் முந்தின காலம் சார்."

"திட்டமிடல்னு ஒண்ணு எந்தக் காலத்துக்கும் உண்டும்மா."

புகார் கொடுக்கலாம் என்றாள் பிரீனா. புகாருக்கும் இணையத்தில் ஒரு படிவம் இருந்தது. முதல் கட்டத்தில் விண்ணப்ப எண் கேட்டது. விண்ணப்ப எண், பச்சைப் பொத்தானை அமுக்கிய பிறகு வருவது. புகார்ப் படிவத்தின் அடியிலும் ஒரு பொத்தான் இருந்தது. அதுவும் சாம்பல் நிறம்.

சுவரில் ஒரு பலகை தொங்கியது. 'இந்த ஆண்டு பெறப்பட்ட குறைபாடுள்ள விண்ணப்பங்கள்: இல்லை. நிராகரிக்கப்பட்டவை: இல்லை. புகார்கள்: இல்லை.' அதற்காகத் தலைநகரில் கொடுத்த கேடயம் பக்கத்தில் இருந்தது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் அந்தக் கேடயத்தின் அடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜனவரியில் கிளாரா பங்குத்தந்தை மரியஜான் அடிகளாரிடம் போனாள். அவர் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துவைத்து, பொறுமையாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி சிலுவைகள் இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதை நான் நேரில் அறிவேன். ஒருவரை நான் அடக்கம் செய்தேன். மற்றவருக்கு நான் திருமணம் செய்துவைத்தேன்.' கீழே கோயில் முத்திரை.

சுந்தரராஜ் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அந்தக் கடிதத்தை வாங்கினார். இரண்டு முறை படித்தார்.

"சாமியாரு எழுதினா அதுக்கு மறுவார்த்தை கிடையாது. நான் முழுசா நம்புகேன். ஆனா நான் நம்பி என்ன பிரயோசனம்மா? பொத்தான் நம்பணும்."

"பொத்தானுக்கு யாரு சார் சொல்லணும்?"

"அதுக்கு 'இருவரும் ஒருவர் அல்லர்' சான்றிதழ்னு ஒண்ணு உண்டு. நாகர்கோவில் ஆபீஸ்ல தருவாங்க. ரெண்டு பேரும் நேர்ல போய், பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கணும்."

"ஒருத்தரு கத்தர்ல இருக்காரு சார்."

"லீவுல வரச் சொல்லுங்க."

"இன்னொருத்தரு கல்லறைல இருக்காரு."

சுந்தரராஜ் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அது கொஞ்சம் கஷ்டந்தான்" என்றார்.

பிப்ரவரியில் ஒருநாள் மீனுக்குப் போகாமல், கிளாரா மகளுக்கு நல்ல கவுன் போட்டு நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சிவதாணுவின் அறை கண்ணாடிக் கதவு போட்டது. வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் இருந்தார்கள். கிளாராவின் மனு முழுவதையும் அவர் வாசிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பாதியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து வெகுநேரம் பேசினார்.

"தலைநகரத்துக்கு விளிக்காரு" என்று ஒரு சேவகர் மெதுவாகச் சொன்னார். கிளாரா ஜெபமாலையைக் கையில் எடுத்தாள்.

அஜிஷா கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் புது உதடுகள் கிடைத்தால் விடமாட்டாள்.

"அம்மா, அவரு சொல்லுகாரு" என்று தொடங்கினாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது அவளுக்குத் தெரியாது. கிளாரா அவள் தொடையில் தட்டி, மெதுவாக என்று சைகை காட்டினாள். அஜிஷா கிசுகிசுக்க முயன்றாள். "எனக்க மாமியாருக்கும் மூணு மாசமாட்டு ஒண்ணும் நடக்கலன்னு சொல்லுகாரு. மாமியாருக்க வீட்டு நம்பர்ல ஒரு கோடு உண்டாம். கோடு போட்டா செவப்பாவுதாம். கோடு இல்லன்னா வீடு இல்லையாம். இந்தப் பொத்தான் யாருகிட்ட இருக்குன்னு கேக்காரு. அங்க உள்ளவரும் தெரியாதுன்னு சொல்லுகாரு போல. 'உமக்கும் தெரியாதா வே'ன்னு கேக்காரு."

கதவு திறந்தது. சிவதாணு எழுந்து அவர்களை உட்கார வைத்தார். அஜிஷாவுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினார்:

"தலைநகரத்துல விரிவாப் பேசிட்டேன்ம்மா. நம்ம முறை ரொம்பத் துல்லியமான முறை. கம்ப்யூட்டர் தப்பு செய்யாது. தப்பு வந்தா நம்ம கிட்டதான் வரணும். நீங்க பொறுமையா, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணுங்க. உண்மை ஒருநாள் பச்சையாகும்."

"உங்க மாமியாருக்கும் ஆவட்டு சார்" என்றாள் கிளாரா. அவள் மனதாரத்தான் சொன்னாள். சிவதாணு ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினார்.

மார்ச் முழுவதும் கிளாரா மீன் விற்ற கையோடு, மீன் கொண்டுவந்த சருவத்தை மாடிப்படிக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, மேலே ஏறிப்போனாள். பிரீனா தினமும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாள். முறை துல்லியமானது என்பதால் பொத்தானின் நிறம் ஒருநாளும் மாறவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி. அஜிஷாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கிளாரா காலையிலேயே வந்துவிட்டாள். பெஞ்சில் எபிசன் இருந்தார். எழுபது தாண்டியவர். தம் சபையில் நாற்பது வருடம் கோயில்மணி அடித்தவர். மணிதான் காதைக் கொண்டுபோயிற்று என்பார். அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. அவரும் காதுக் கருவிக்காகத்தான் நான்கு மாதமாக வந்துகொண்டிருந்தார்.

அவருடைய கட்டங்கள் எல்லாம் சரி. கடைசிக் கட்டம் மட்டும்தான் காலி. விண்ணப்பிப்பவரின் கைப்பேசிக்கு ஒரு அழைப்பு வரும். அழைப்பில் ஒரு பெண்குரல் ஆறு எண்களைச் சொல்லும். அதைக் கேட்டு நிரப்ப வேண்டும். விண்ணப்பிப்பவர் தம் காதாலேயே கேட்க வேண்டும், வேறு யாரும் கேட்டுச் சொல்லக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

அன்றும் அழைப்பு வந்தது. எபிசன் கைப்பேசியைக் காதில் வைத்து, "ஆராக்கும் பேசுதது? கொஞ்சம் ஒச்சத்துல சொல்லு பிள்ளே" என்று அந்தப் பதிவுசெய்த குரலிடம் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் மாடி முழுவதும் கேட்டது, அவருக்குத் தவிர.

கிளாரா எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். ஒரு கையை விரித்து, மறு கையில் இரண்டு விரல் காட்டினாள். எபிசன் பார்த்தார். பிறகு மூன்று விரல். பிறகு விரல்களை மடக்கி மூடிய கை.

"ஏழு. மூணு. ஒண்ணுமில்ல" என்று ஆறு எண்களையும் எபிசன் உரக்கச் சொல்லச் சொல்ல, பிரீனா தட்டச்சு செய்தாள்.

சுந்தரராஜ் நிமிர்ந்து பார்த்தார். விதி அவர் தலைக்கு நேர் மேலே ஒட்டியிருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைக்கத் தொடங்கினார். அன்று அதைத் துடைத்து முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

எபிசனின் பொத்தான் பச்சையாகி, அவருக்கு எண் கிடைத்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போகவில்லை. கிளாராவின் முறை முடியட்டும் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நாலரை மணிக்குப் பிரீனா நாற்காலியை அருகில் இழுத்தாள்.

"அக்கா, கோவிக்காதீங்க. ஒரு வழி பாத்துவச்சிருக்கேன்."

திருமண நிலை என்ற கட்டத்தில் 'கணவரை இழந்தவர்' என்று மாற்றினாள். கணவர் பெயர் கேட்ட கட்டமே திரையில் இல்லாமல் போயிற்று. சிவப்பு வரி போயிற்று. அடியில் இருந்த பொத்தான் பளிச்சென்று பச்சையானது.

நான்கு மாதத்தில் கிளாரா அந்தப் பச்சையைத் தன் படிவத்தில் காண்பது அதுதான் முதல் தடவை. கழுத்தில் கிடந்த தாலியை அவள் கை தானாகப் போய்ப் பற்றிக்கொண்டது.

"மாத்து பிள்ளே."

"வெறும் எழுத்துதானே அக்கா. யாரு பாக்கப் போறா?"

"அவரு இப்பம் தோணில நிக்கித நேரம். மாத்து. மொதல்ல மாத்து."

பிரீனா மாற்றினாள். சிலுவை உயிரோடு திரும்பி வந்தான். பொத்தான் சாம்பலானது.

நாலு நாற்பது. சுந்தரராஜ் ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன பிள்ளே எடக்கு?" என்று எபிசன் பெஞ்சிலிருந்து கேட்டார். பிரீனா ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அவர் கையை நீட்டி, தூரமாகப் பிடித்து வாசித்தார். பிறகு தாமே வந்து திரையருகில் நின்றார்.

"அப்பன் பேரு வேற வேணும். அம்புட்டுதானா? எனக்க பேரைப் போடு. எபிசன். எனக்குப் பிள்ளைய இல்ல. கடைசிக் காலத்துல எனக்கும் ஒரு மகள் இருக்கட்டு."

"செத்துப்போன எனக்க அப்பாவ இல்லன்னு சொல்லணுமா பாட்டா?"

அவருக்குக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

கிளாரா அப்பாவை நினைத்தாள். அவர் பேரப்பிள்ளை பிறக்குமுன்பே போய்விட்டவர். ரேடியோவில் கடல்நிலை சொல்லும்போது, கரையில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் செய்தவர். ஒரு பிள்ளைக்குக் காது கேட்க வேண்டும் என்றால் அவர் தம் பெயரை என்ன செய்யச் சொல்வார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"போடு" என்றாள்.

பிரீனா தட்டச்சு செய்தாள். தந்தை: எபிசன். கணவர்: சிலுவை. பொத்தான் பச்சையானது. பிரீனா மவுஸைக் கிளாரா பக்கம் நகர்த்தி வைத்தாள். தானே அமுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கிளாரா அமுக்கினாள். அது மிக எளிதாக அமுங்கியது. விண்ணப்ப எண்ணோடு அடுத்த பக்கம் வந்தது. அதில் முன்னெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. 'விருப்பமிருந்தால் நிரப்பலாம்' என்று போட்டிருந்தது.

மறுநாளிலிருந்து கிளாரா பயந்துகொண்டே இருந்தாள். யாராவது வந்து விசாரித்தால் என்ன சொல்வது என்று. யாரும் வரவில்லை. பொத்தான் பச்சையானால் தகவல் சரியானது என்பது ஆணையத்தின் விதி. சரியான தகவலை யாரும் சரிபார்ப்பதில்லை. பயம் தீர்ந்த பிறகுதான் அவளுக்கு வெட்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்து வழியாக வராமல் சுற்றிப் போனாள்.

மே மாதம் கருவி வழங்கும் முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எபிசனின் பெயர் அடுத்த முகாமுக்கு என்று சொல்லிவிட்டார்கள். குருசடித்துறையிலிருந்து வேறு சிலரும் வந்திருந்தார்கள். மேடையில் சிவதாணு பேசினார்:

"இந்த ஆண்டும் ஒரு பொய்யான தகவல்கூட நம்ம ஆணையத்துக்குள்ள நுழையலை. உண்மை மட்டுந்தான் நுழையும்ங்கிற மாதிரி ஒரு வாசலை நாம அமைச்சிருக்கோம்."

பிறகு ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்பட்டன.

"எபிசன் மகள், கிளாரா."

குருசடித்துறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியோ சிலுவையின் மகளை அவர்கள் எல்லோரும் அறிவார்கள். கிளாரா தலையைக் குனிந்துகொண்டு எழுந்தாள். அவள் போவதற்கு அவர்கள் வழிவிட்டுக் கால்களை மடக்கிக்கொண்டார்கள்.

ஒரு மருத்துவப் பெண் அஜிஷாவின் இரண்டு காதிலும் கருவியைப் பொருத்தி, சின்னத் திருகைத் திருப்பினாள். அஜிஷா தோளைக் குறுக்கினாள். மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தாள். நாற்காலி இழுபடும் பக்கம் திரும்பினாள். ஒரு கைக்குழந்தை அழுத திசையைத் தேடிக் கண்டுபிடித்தாள். வாயைத் திறந்து, தன் குரலையே ஒருமுறை விட்டுப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"எபிசன் மகள் கிளாரா, கையெழுத்துப் போட வரவும்" என்றது ஒலிபெருக்கி.

அஜிஷா அம்மாவின் உதட்டைப் பார்க்காமலே கேட்டாள்.

"அம்மா, எபிசன்னா ஆரு?"

மண்டபம் முழுவதற்கும் கேட்டது. குருசடித்துறைக்காரர்கள் ஒருசேரத் தரையைப் பார்த்தார்கள். கிளாரா மகளின் கையைப் பற்றிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் கருவியைக் கழற்றிவிடுவார்கள். பொய்யைச் சொன்னால், மகள் தெளிவாகக் கேட்கும் அம்மாவின் முதல் வார்த்தை அதுவாக இருக்கும்.

சிவதாணு மேடையிலிருந்து இறங்கி வந்தார். அஜிஷாவின் கன்னத்தைத் தொட்டார்.

"தாத்தா பேரு தெரியாதா பாப்பா? இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கணும்மா. குடும்பம்னா என்னன்னு தெரியணும்லா?"

"சொல்லிக் குடுக்கேன் சார்" என்றாள் கிளாரா.

கையெழுத்துப் போட்ட தாளின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. கருவிக்கான பேட்டரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் விண்ணப்பத்தில் கொடுத்த தந்தை பெயரை எக்காலத்திலும் மாற்ற இயலாது. கிளாரா அதை வாசித்துவிட்டு, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே சமையல்கட்டின் பின்பக்கம் ஆள் இல்லாத ஒரு சுவர் ஓரம் இருந்தது. கிளாரா மகளை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தி, பின்னால் குனிந்து நின்றாள்.

"கேக்கியா மக்கா?"

"கேக்கேன்."

"எபிசன்னு ஒரு நல்ல மனுஷரு. நமக்கு ஒதவிக்கு அவருக்க பேரைத் தந்தாரு. அடுத்த வாரம் அவரைப் பாக்கப் போவோம்."

"ம்."

"உனக்க பாட்டாக்க பேரு அது இல்ல." கிளாராவின் குரல் மேலும் தாழ்ந்தது. உரக்கச் சொல்லப் பயந்து அல்ல. இப்படித் தாழ்த்தி ஒரு வார்த்தையை மகளிடம் சொல்வது ஒன்பது வருடத்தில் இதுதான் முதல்முறை. "உனக்க பாட்டாக்க பேரு சிலுவை."

அஜிஷா திரும்பினாள். நெற்றி சுருங்கியிருந்தது.

"அது அப்பாக்க பேருல்லா?"

அந்தச் சிவப்பு வரி பிள்ளையின் முகத்திலும் எழுந்துவிட்டதோ என்று கிளாரா பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் அதே பேருதான் மக்கா."

அஜிஷாவின் நெற்றிச் சுருக்கம் மறைந்தது.

"செரி" என்றாள்.